இல்லைன்னு சொல்லுது

பெரிய ஓட்டல்களில் யார் யாரோ படுத்துப் புரண்ட விரிப்புகளெல்லாம் காலையில் லாரி லாரியாக அந்தச் சலவை ஆலைக்கு வந்து இறங்கும். துவைக்கிற பக்கம் ஆண்கள். உருளைக்கும் மடிப்புக்கும் பெண்கள். கொதிக்கிற உருளைக்குள் ஈர விரிப்பை நுழைக்கிறவள் உருளைக்காரி, அந்தப் பக்கம் காய்ந்து வருவதைப் பிடித்து மடிக்கிறவள் மடிப்புக்காரி. நம்முடைய ஆள் மடிப்புக்காரி. விரிப்பு வந்து விழுவதற்குள் இரண்டு நுனியையும் பிடித்து, ஓர் உதறு உதறி, நெஞ்சோடு சேர்த்துப் பாதியாக்கி, அதிலும் பாதியாக்கி அடுக்கிவிடுவாள். சுருக்கம் என்றால் அவளுக்கு ஆகாது. வீட்டில் புருஷனுடைய நீலச் சட்டையை அவள் தேய்த்துக் கொடுத்தால், அதன் மடிப்பில் விரலை அறுத்துக்கொள்ளலாம் என்று ஆலையில் கேலி பேசுவார்கள்.

அந்த நீலச் சட்டைக்காரருக்குப் பட்டன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. கடைத்தெரு முனையில் பணம் எடுக்கிற மெஷின் இருக்கிற கண்ணாடி அறைக்கு அவர் காவல். ஒரு ஸ்டூல், ஒரு தடி, ஒரு தண்ணீர் பாட்டில். மெஷின் பேசியதெல்லாம் ஆபீஸ் பாஷையில். அந்த வட்டாரத்து ஜனங்களுக்கு ஆபீஸ் பாஷை சுத்தமாக வராது. அதனால் வருகிறவர்கள் அட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு, ரகசிய எண்ணையும் காதில் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர் படபடவென்று பட்டன்களைத் தட்டுவார். பணம் வரும். சில சமயம் மெஷின் கத்தும், சிவப்புக் கட்டம் வரும். அப்போது உதட்டைப் பிதுக்கி, "இல்லைன்னு சொல்லுது" என்பார். ஒரு டாக்டர் சொன்னதுபோல ஜனங்களும் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். டீக்கு ஏதாவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

மடிப்புக்காரிக்கும் அட்டை இருந்தது. ஆலைச் சம்பளம் அதில்தான் விழும். அட்டை இருந்ததே தவிர, அவள் அதைத் தொட்டதில்லை. மாதா மாதம் அவள் வாயால் நம்பரைக் கேட்டுக்கொண்டு போய் அவரே எடுத்துவந்து கையில் கொடுப்பார். மீதி எவ்வளவு என்று கேட்டால், "கெடக்கு கொஞ்சம்" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அவளுடைய அம்மா தொலைவில், தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி தையல்காரன். ஒரு மழைக்காலத்து மாலையில் அவன் போன் செய்து, "அக்கா, அம்மா விழுந்துட்டாங்க. தாமசம் பண்ணாம வந்துடு" என்றான். பஸ்ஸும் ரயிலும் மாறிப் போக வேண்டிய தூரம். அவள் உடுத்திய துணியோடு கடைத்தெருவுக்கு ஓடினாள். பட்டன் அட்டையைச் செருகிவிட்டு, "நம்பரைச் சொல்லு" என்றார். அழுகையில் அவளுக்கு நம்பர் மறந்துபோனது. முன்னும் பின்னுமாக ஏதோ உளறினாள். "அழாமச் சொல்லு, ஜனங்க பாக்குது" என்று அவர் அதட்டினார். அதற்குள் மெஷின் கத்தியது. சிவப்புக் கட்டம் வந்தது. அவர் ஏதோ ஒன்றைத் தட்டினார், அட்டை வெளியே வந்து விழுந்தது.

"இல்லைன்னு சொல்லுது" என்றார்.

"எப்படிங்க இல்லாம போகும்?"

"அதான் போன மாசம் புது அடுப்பு வாங்கினியே. பின்னே எங்கேருந்து இருக்கும்?"

உருளைக்காரியிடம் கைமாற்றாகக் கேட்கிறேன் என்றாள். ஊரெல்லாம் கை நீட்டி என் மானத்தை வாங்காதே, சம்பளம் வந்ததும் போ, உன் அம்மா இப்படி விழுவதும் எழுவதும் புதுசா என்றார். சம்பளம் வருவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். சம்பளத்தை எடுத்துக்கொண்டு இவள் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் தம்பி கேட்டான்.

"இப்ப எதுக்குக்கா வந்தே? கடைசி மூச்சு வரைக்கும் உன்னைத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தாங்க. நீ காசைப் பாத்துக்கிட்டு இருந்துட்டே, இல்ல?"

அதற்குப் பிறகு தம்பி அவளோடு பேசவே இல்லை. வருஷங்கள் ஓடின. அவள் யாரையும் குறை சொல்லவில்லை, அடுப்பைத்தான் திட்டினாள். "உன்னை வாங்கின நேரம், என்னைப் பெத்தவ முகத்தைக்கூடப் பாக்க முடியாம போச்சு" என்று சோறு பொங்கும்போதெல்லாம் அதைத் திட்டுவாள். பட்டன் சுவரோரம் சாய்ந்துகொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். இதை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

இப்படி இருக்கையில் ஒருநாள் மெஷினில் தமிழ் வந்தது. கண்ணாடிக் கதவில் "இனி உங்கள் மொழியில்" என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அட்டையைச் செருகியதும் முதலில் எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. பட்டனுக்கு முதல் நாள் முழுக்கக் கை தடுமாறியது. மேலே ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு என்று இத்தனை காலம் போய்க்கொண்டிருந்த கணக்கு, முன்னால் ஒரு படி கூடியதால் குழம்பிவிட்டது. இரண்டு நாளில் சமாளித்துக்கொண்டார். பிறகு வருகிறவர்களிடமெல்லாம் ஒரு செய்தி சொல்ல ஆரம்பித்தார்.

"தமிழைத் தட்டிடாதீங்க. அது இன்னும் சரியா செட் ஆகல. போன வாரம் ஒருத்தர் கார்டை அப்படியே முழுங்கிடுச்சு."

ஜனங்களுக்கு நடுக்கம் பிடித்துவிட்டது. அட்டை போனால் எந்தக் கவுண்டரில் எந்தப் பாஷையில் போய் அழுவது? தமிழ் தன்பாட்டுக்குத் திரையில் கிடந்தது, யாரும் அதைத் தொடவில்லை.

அதே சமயம் ஆலை வாசலிலும் ஒரு மெஷின் வைத்தார்கள். அங்கே காவல் கிடையாது. உருளைக்காரிக்கு எதிலும் பயம் இல்லை. கொதிக்கிற உருளையில் கையை விட்டு விரிப்பை இழுக்கிறவளுக்கு மெஷினாவது ஒன்றாவது! சம்பளத்துக்கு முந்தின வாரம், மத்தியான இடைவேளையில், முட்டை ரொட்டியை மென்றுகொண்டே மடிப்புக்காரியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உன் கார்டை நாளைக்கு எடுத்துட்டு வா. நாமளே எடுத்துப் பாப்போம்."

"முழுங்கிடும்னு அவரு சொன்னாரே."

"முழுங்கினா வயித்தைக் கிழிச்சு எடுப்போம். நீ எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவதானே? தமிழ் வாசிக்கத் தெரியுமில்ல?"

மறுநாள் அவள் புருஷனுக்குத் தெரியாமல் அட்டையை எடுத்துவந்தாள், இருவரும் மெஷின் முன்னால் நின்றார்கள். மடிப்புக்காரி தமிழைத் தட்டினாள். எதுவும் முழுங்கவில்லை. ஆனால் திரையில் வந்த தமிழைப் பார்த்து உருளைக்காரி மூக்கில் விரலை வைத்தாள்.

"தாங்கள் மேற்கொள்ள விரும்பும் பரிவர்த்தனையைத் தெரிவு செய்க... என்னடி இது? எந்த வாத்தியார் எழுதினது? இதுக்கு ஆபீஸ் பாஷையே தேவலாம் போலிருக்கே."

"பரி... வர்த்தனை. அப்படின்னா?"

"யாருக்குத் தெரியும். குதிரை ஏதாவது குடுப்பானோ என்னவோ."

இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. மடிப்புக்காரி வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து சிரித்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு அப்படிச் சிரிக்கிறாள். சிரித்து முடிப்பதற்குள் மெஷின் கத்தியது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள். அதே சிவப்புக் கட்டம். அதன் கீழே அதேபோல இரண்டு சின்னக் கட்டங்கள். உள்ளே இப்போது தமிழில் எழுதியிருந்தது: உங்களுக்கு மேலும் நேரம் வேண்டுமா? ஆம். இல்லை.

அவள் எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்தாள், வாய்விட்டு இன்னொரு தடவை படித்தாள். உருளைக்காரி, "ஆமான்னு தட்டேன்டி, என்ன முழிக்கிறே?" என்றாள். அவள் தட்டவில்லை. அட்டை தானாக வெளியே வந்தது. அவள் அந்தச் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு இது காசு இல்லைன்னு சொல்லலக்கா. நேரம் வேணுமான்னு என்னைக் கேட்டிருக்கு. அவரு இல்லைன்னு சொல்லிட்டாரு."

உருளைக்காரிக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் புருஷன்மார் ஜாதியையே ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். மடிப்புக்காரி திட்டவில்லை. சங்கு ஊதியதும் எழுந்து போய் மடிக்க நின்றாள். அன்று மாலைவரை அவள் கையில் ஒரு விரிப்புகூடக் கோணவில்லை என்று மேற்பார்வைக்காரரே பிறகு சொன்னார். உள்ளுக்குள் அவள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றேதான் செய்திருக்கிறார். என் அம்மாவை அவருக்கு என்றைக்குமே பிடிக்காது. போகவிடாமல் செய்துவிட்டு, பழியை என் தலையில் போட்டு, வருஷக்கணக்காக என் சோற்றைத் தின்றிருக்கிறார். சும்மா விடப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

வீட்டில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. சம்பள நாள் மாலைவரை பொறுத்திருந்தாள். அன்று தூறல். கண்ணாடி அறைக்கு வெளியே குடைகளும் முக்காடுமாக நீளமான வரிசை. முக்கால்வாசி ஆலை ஜனம். பட்டன் முறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். வரிசையில் மனைவியைக் கண்டதும் புருவத்தைத் தூக்கினார்.

"நீ எதுக்கு வந்தே? நான்தான் எடுத்துட்டு வருவேன்ல?"

"இருக்கட்டும்ங்க. இன்னைக்கு நானும் நிக்கிறேன்."

அவள் முறை வந்தது. கதவைச் சாத்தாமல் காலால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தாள். அட்டையைச் செருகினாள். ஆபீஸ் பாஷையைத் தட்டினாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நம்பரைப் போடு."

"போடுறேன்."

"என்ன வேடிக்கை பாக்குறே? பின்னால ஜனங்க நிக்குது."

மெஷின் கத்தியது. சிவப்புக் கட்டம் வந்தது. அவள் தள்ளி நின்று கேட்டாள்.

"என்ன சொல்லுது?"

"அதான் தெரியுதே. இல்லைன்னு சொல்லுது."

"எது இல்லைங்க?"

"காசுதான்."

"இன்னைக்குத்தானே சம்பளம் போட்டாங்க? சரி, என்ன எழுதியிருக்குன்னு ஒவ்வொரு எழுத்தா படிச்சுச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"ஏய், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"இங்கதான் சொன்னீங்க, இங்கயே படிங்க."

அட்டை வெளியே வந்தது. அவள் மறுபடி செருகினாள், இந்தத் தடவை தமிழ். மறுபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஏதோ நடக்கப்போகிறது என்று எல்லாருக்கும் மூக்கில் வியர்த்துவிட்டது. மெஷின் கத்தியதும் அடுத்து நின்ற ரொட்டிக் கடைக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இதைச் சத்தமாப் படிங்க."

ரொட்டிக் கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "உங்களுக்கு மேலும் நேரம் வேண்டுமா..." படித்துவிட்டுப் பட்டனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "ஏம்பா, இதே சிவப்புக்குத்தானே அன்னைக்கு என்னை வெறுங்கையோட அனுப்பினே? ஆஸ்பத்திரியில பொண்ணைப் போட்டுட்டு ஓடி வந்திருந்தேனே?"

"என்னையும்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ரெண்டு தடவை" என்றது இன்னொன்று.

மடிப்புக்காரி ஆம் என்று தட்டி, எண்ணைப் போட்டு, பணத்தை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி மடித்து வைத்துக்கொண்டாள். பிறகு புருஷனைப் பார்த்துத் திரும்பினாள்.

"சொல்லுங்க. என் அம்மா சாகக் கெடக்கும்போது எதுக்குப் பொய் சொன்னீங்க?"

பட்டனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. கடைசியில் வந்த சொல் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது.

"பொய் இல்ல. எனக்குப் படிக்கத் தெரியாது."

"ஆபீஸ் பாஷையா?"

"எதுவும்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அது போதுமானதாக இருந்தது. சிரிப்பு வரிசையின் கடைசிவரை போய், தெருமுனை டீக்கடைவரை எட்டியது. அவர் ஸ்டூலைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மடிப்புக்காரிக்கு அது இனித்தது. பாவம் என்று நினைக்க வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் நினைக்க வரவில்லை. என்னைக் கேட்டால், வந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் உட்காரவில்லை. அவள் பரிமாறவும் இல்லை. தன் தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டபடியே கேட்டாள்.

"சிவப்பு வந்தா இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. சிவப்பு வந்தா காசு வராது. அதனால அப்படி இருக்கும்னு நெனச்சேன்."

"தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரிசையில யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம்."

"யூனிபார்ம் போட்டுக்கிட்டு எப்படிக் கேக்குறது?"

அவள் கை நின்றது. வேண்டுமென்றே செய்தார் என்று நம்பியிருந்தபோது இருந்த கோபம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது. விரோதம் என்றால்கூட அம்மாவுக்கு ஒரு மரியாதை. ஒரு சட்டைக்காகவா?

"என்னைக் கட்டிக்கிட்டு வந்து இத்தனை வருஷம் ஆச்சு. எங்கிட்டக்கூடச் சொல்லல."

"நீ படிச்சவ."

"எட்டாங்கிளாஸுங்க."

"எனக்கு அதுவே மலைதான்."

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "என் தம்பிக்கு போன் பண்ணுங்க. நடந்ததை உங்க வாயால சொல்லுங்க. அக்கா காசு பாக்கல, எனக்குத்தான் படிக்கத் தெரியலன்னு சொல்லுங்க."

"ஊரு சிரிச்சது போதாதா?"

"போதாது."

"அவன்கிட்ட மட்டும் வேண்டாம். உன் கால்ல வேணும்னாலும் விழுறேன்."

"என் காலு எதுக்கு? போன் பண்ணுங்க."

அவர் செய்யவில்லை. அவள் மறுபடி கேட்கவும் இல்லை. மறுநாள் காலை அவருடைய நீலச் சட்டை கொடியில் பிழிந்து போட்டபடியே சுருண்டு கிடந்தது. அவரே தேய்க்கப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார். ஊர் உலகத்துக்கே விரிப்பு மடிக்கிறவளின் புருஷன் கசங்கிய சட்டையோடு கடைத்தெருவுக்குப் போனார். வரிசையில் யாரும் அவரிடம் அட்டை நீட்டவில்லை. கிழவர்கள்கூடத் தமிழைத் தட்டி, பரிவர்த்தனையை வைது, ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிப் பணம் எடுத்துக்கொண்டார்கள். சிவப்பு வரும்போதெல்லாம், "என்ன பட்டன், என்ன சொல்லுது?" என்று கேட்டார்கள். கம்பெனியின் சூப்பர்வைசர் வந்து, இப்படிப் பிச்சைக்காரன் மாதிரி நின்றால் ஆளை மாற்றிவிடுவேன் என்று எச்சரித்துவிட்டுப் போனார். வீட்டில் கட்டில் ஒன்று, பேச்சு கிடையாது. மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் எது, மாலையில் எது என்று கேட்பதற்காக அவர் அவள் முகத்தையே பார்த்து நிற்பார். அவள் பார்க்காமல் போவாள். அப்படி எத்தனை நாள் என்று நான் எண்ணவில்லை, அவரால் தாங்க முடிகிற அளவுக்கு மேல் போனது.

ஒரு லீவு நாள் மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் அவர் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"போடு" என்றார்.

அவள் தம்பி நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, இருவருக்கும் நடுவில் வைத்தாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம்.

"யாரு?"

"மாப்ளே, நான்தான். மாமா."

தையல் மெஷின் நின்றது.

பட்டன் சொன்னார். எச்சிலை விழுங்கி விழுங்கி, நடுவில் நின்று நின்று, ஒன்று விடாமல் சொன்னார். சிவப்புக் கட்டம், நம்பர் மறந்தது, அடுப்பின்மேல் பழி போட்டது, கைமாற்று வாங்க விடாதது எல்லாவற்றையும் சொன்னார். "எனக்கு எழுத்து தெரியாது மாப்ளே. அதை மறைக்கப் போயி உங்க அக்காவைப் பாவியாக்கிட்டேன்" என்று முடித்தபோது மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொள்ளவில்லை. மடிப்புக்காரி மடித்த துணியை மடியில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் காத்திருந்தாள். ஒவ்வொரு சொல்லும் உள்ளே இறங்க இறங்க மனசு ஆறியது.

பிறகு தம்பி, "ஸ்பீக்கரை அணைச்சிட்டு அக்காகிட்டக் குடுங்க" என்றான்.

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள்.

"அக்கா."

"சொல்லுடா."

"அம்மா உன்னைக் கூப்பிடலக்கா."

"என்னடா சொல்றே?"

"விழுந்தப்பவே நெனவு போயிடுச்சு. அதுக்கப்புறம் கண்ணே தொறக்கல. நீ வந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. நீ வரலைங்கற ஆத்திரத்துல, உனக்கு வலிக்கணும்னுதான் அன்னைக்கு எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்னேன். வாசலைப் பாத்தாங்கன்னு சொன்னது, கூப்பிட்டாங்கன்னு சொன்னது எல்லாம் நானாச் சொன்னது. அப்புறம் எப்படித் திருப்பிச் சொல்றதுன்னு தெரியல. அதான் பேசாமலே இருந்துட்டேன்."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே தெருவில் ஒருவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக, சோறு பொங்கும்போதும், விரிப்பு உதறும்போதும், அம்மா கூப்பிடுகிற குரலை அவள் காதால் கேட்டிருக்கிறாள்.

"அக்கா, இருக்கியா? திட்டணும்னா திட்டு."

"அப்புறம் திட்டுறேன்."

"மாமாகிட்ட சொல்லு. போனது போகட்டும்னு சொல்லு. எனக்கு அவர்மேல ஒண்ணுமில்ல. தெரியாம செஞ்சவரு. நான்தான் தெரிஞ்சு செஞ்சவன். ஒருநாள் ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க."

அவள் போனை அணைத்துவிட்டுத் திரும்பினாள். பட்டன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். முழங்காலில் கையூன்றிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவரைப்போல அவள் வாயையே பார்த்தார்.

"என்ன சொல்றான்?"

அவள் அவரை ஏறெடுத்துப் பார்த்தாள். சுருக்கம் விழுந்த சட்டை, சுட்டுக்கொண்ட விரல், ஒழுகிய மூக்கு. சொல்லிவிட ஒரு வார்த்தை போதும்.

"சாகுற வரைக்கும் உங்க முகத்துல முழிக்க மாட்டானாம்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "நியாயம்தான்" என்றார். அவள் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து துணியை மடிக்க ஆரம்பித்தாள்.